டார்க் டியூப் போனபின் அதன் வேலையை யார் பார்ப்பது?

பழைய ஃபோர்டு காரை ஹாட் ராடாக (வேகத்துக்காக உருமாற்றிய பழைய கார்) மாற்றுகிறவர்கள் பின்பக்க சஸ்பென்ஷனில் கைவைக்கும்போது முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம் இறக்கலாம்?" என்றுதான். நியாயமான கேள்விதான், வண்டி தரையோடு தரையாக நின்றால் அதன் அழகே தனி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நாம் கழற்றிப் போடும் பாகம் இதுவரை என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது, இனிமேல் அதையெல்லாம் எது பார்க்கப்போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே கட்டிய வண்டிகள் ஏராளம். அப்படி ஒன்றைப் பிரித்து மறுபடி கட்டிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹாட் ராட் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் பையன்கள் கையில் காசு கம்மி, ஆனால் பழைய ஃபோர்டு கார்கள் மலிவாகக் கிடைத்தன. மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள், அதற்கு அடுத்து வந்த மாடல் ஏ 1931க்குள் ஏறத்தாழ 48 லட்சம் வண்டிகள் என்று ஃபோர்டு செய்து தள்ளியிருந்தது. பையன்கள் அதில் மட்கார்டைக் கழற்றினார்கள், எடையைக் குறைத்தார்கள், எஞ்சினைக் கூர்மைப்படுத்தினார்கள், மொஹாவே பாலைவனத்தில் தண்ணீர் வற்றிக் கெட்டியாகக் கிடக்கும் முரோக், எல் மிராஜ் போன்ற ஏரிப்படுகைகளுக்கு ஓட்டிக்கொண்டுபோய் வேகம் அளந்தார்கள். 1932இல் ஃபோர்டு 221 கன அங்குல, 65 குதிரைசக்தி வி-8 எஞ்சினைச் சாதாரண விலை வண்டியில் வைத்து விற்க ஆரம்பித்ததும் இந்தப் பித்து இன்னும் முற்றியது. அந்த எஞ்சினைப் பழைய மாடல் ஏ சேஸிஸில் இறக்கினார்கள். 1955இல் செவர்லேயின் சின்ன வி-8 வந்தபிறகு அதை இறக்கினார்கள். இன்றுவரை அதுதான் நடக்கிறது. எஞ்சின் மாற்றுவதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதனால் நான் பின்பக்கத்துக்கு வருகிறேன்.

ஃபோர்டின் பின்பக்கம் மற்ற கார்களைப் போல இருக்காது. நம்மூர் லாரியில் பார்த்திருப்பீர்கள், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டைக் கட்டு (லீஃப் ஸ்ப்ரிங்), வண்டியின் நீளவாக்கில். அந்தப் பட்டைகள் எடையைத் தாங்குவதோடு ஹவுசிங்கை, அதாவது ஆக்ஸிலையும் டிஃபரன்ஷியலையும் மூடியிருக்கும் இரும்புக் கூட்டை, முன்னே பின்னே போகாமல் பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஃபோர்டில் ஒரே ஒரு பட்டைக் கட்டு, அதுவும் குறுக்குவாக்கில். அதன் நடுப்பகுதி சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் யு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், இரண்டு முனைகளும் ஷாக்கிள் என்கிற ஆடும் இணைப்புத் துண்டு வழியாக ஆக்ஸிலின் இரண்டு பக்கத்தில் தொங்கும். அது எடையைத் தாங்கும், அவ்வளவுதான். ஆக்ஸிலை முன்னே பின்னே ஓடாமல் பிடிக்கிற சக்தி அதற்குக் கிடையாது. அந்த வேலைக்குத்தான் டார்க் டியூப். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றி மூடிய ஒரு தடித்த குழாய், பின்முனை டிஃபரன்ஷியல் ஹவுசிங்கோடு அசையாமல் போல்ட் ஆகியிருக்கும், முன்முனை கியர்பாக்ஸின் பின்னால் ஒரு பந்து மூட்டில் உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலின் இரண்டு ஓரங்களிலிருந்து இரண்டு கம்பிகள் சாய்வாக வந்து இந்தக் குழாயின் முன்பகுதியில் சேரும். மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய முக்கோணம், அதன் கூர்முனை அந்தப் பந்து மூட்டில்.

இந்த முக்கோணம்தான் மொத்த அமைப்பின் சூட்சுமம். ஒற்றை மையத்தில் சுழல்வதால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறி இன்னொன்று பள்ளத்தில் இறங்கினாலும் எதுவும் முறுக்கிக்கொள்ளாது. சாலையே இல்லாத அந்தக் காலத்துப் பண்ணை வழிகளுக்கு ஹென்றி ஃபோர்டு யோசித்த அமைப்பு இது, 1948 மாடல் வரைக்கும் அவருடைய கம்பெனி இதை விடவே இல்லை. 1949 மாடலில்தான் திறந்த ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் நீளவாக்குப் பட்டைகளும் வந்தன. பழசு, கட்டைவண்டிக் காலத்தது என்று இதைக் கேலி பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். குறுக்குப் பட்டையை செவர்லே கார்வெட் 1963இலிருந்து பின்பக்கத்தில் வைத்திருந்தது, 1981இல் அதைக் கண்ணாடி இழையில் செய்ய ஆரம்பித்தது, 2019 மாடல் வரைக்கும் ஓட்டியது. குறுக்குப் பட்டையில் ஒரு குறையும் இல்லை, அதைச் சுற்றி இருக்க வேண்டிய மற்றதெல்லாம் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

சரி, எங்கள் வண்டிக்கு வருகிறேன். என்னுடையது என்று சொல்ல முடியாது, எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருடையது. ஆயுள் முழுக்க லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன். இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் அவர் கராஜ் கதவு திறந்திருந்ததைப் பார்த்து எட்டிப் பார்த்தேன், அப்புறம் சனி ஞாயிறுகளில் என்னை வேறு எங்கும் தேட வேண்டிய அவசியம் வீட்டில் யாருக்கும் வரவில்லை. அங்கே நின்றது 1931 மாடல் ஏ கூப்பே (இரண்டு கதவு வண்டி), செவர்லே 350 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்னால் ஃபோர்டு மேவரிக்கிலிருந்து எடுத்த 8 அங்குல ஹவுசிங். பாதி முடித்த நிலையில் யாரிடமோ வாங்கியது. அதைக் கட்டியவர் டார்க் டியூபை எடுத்துவிட்டுத் திறந்த ஷாஃப்ட் போட்டிருந்தார். இது தவறில்லை, செவர்லே கியர்பாக்ஸுக்குப் பின்னால் அந்தப் பந்து மூட்டு உட்கார இடமே கிடையாது. ஆனால் பழைய இரண்டு கம்பிகளையும் குழாயிலிருந்து பிரித்து, ஆளுக்கொரு பக்கமாக சேஸிஸின் இடது, வலது சட்டங்களில் பொருத்தியிருந்தார். அங்கேதான் எல்லா வினையும்.

ஓட்டிப் பார்த்தால் நேர்சாலையில் ஒன்றும் தெரியாது. வீட்டு வாசல் சரிவில் கோணலாக ஏறும்போது கிறீச் என்று ஒரு முனகல், சிக்னலில் கொஞ்சம் அழுத்திக் கிளப்பினால் அடியில் டொக் என்று ஒரு சத்தம். பெரியவர் முதல் சத்தத்திலேயே, "இது ரப்பர் சத்தம் இல்லப்பா, இரும்பு சத்தம்" என்று சொல்லிவிட்டார். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இடதுபக்க பிராக்கெட்டைத் துடைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் டை அடித்துப் பார்த்தோம். சிவப்பு மையை ஸ்ப்ரே பண்ணி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதன்மேல் வெள்ளைப் பொடி ஸ்ப்ரேயை மெல்லிசாக அடித்தோம். வெள்ளை காயக் காய, வெல்டிங் முடிகிற ஓரத்திலிருந்து சிவப்பாக மயிரிழைக் கோடு ஒன்று மெதுவாக மேலே வந்தது, வெல்டிங்கை ஒட்டியே போய், மூலையில் திரும்பி, சட்டத்துக்குள்ளேயே இறங்கியது. வலதுபக்கமும் அதேதான், கொஞ்சம் குட்டை.

ஏன் வெடித்தது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டார்க் டியூப் பார்த்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் விசை அந்தக் குழாய் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்கும் எஞ்சின் மவுண்டுக்கும் போய் சேஸிஸைத் தள்ளும். இது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற வேலை, பிரித்த கம்பிகளும் இதைச் செய்துவிடும். இரண்டாவது வேலை முறுக்கைத் தாங்குவது. சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றினால் ஹவுசிங் அதே அளவு பலத்தோடு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும், ஷாஃப்ட் வந்து சேரும் அதன் முன்முனை, அதாவது பினியன் மூக்கு, மேலே எழும்பும். அது எவ்வளவு பலம் என்று உத்தேசமாகப் பார்க்கலாம். எஞ்சின் 300 பவுண்டு-அடி முறுக்கு கொடுக்கிறது, முதல் கியர் 2.52, டிஃபரன்ஷியல் 3.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் ஆக்ஸிலில் ஏறத்தாழ 2,650 பவுண்டு-அடி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் பெருக்குவதை நான் சேர்க்கவே இல்லை. ஆக்ஸிலிலிருந்து 4 அடி நீளத்தில் ஒரு கை இதைத் தடுத்தால் அதன் முன்முனையில் 660 பவுண்டு, அதாவது சுமார் 300 கிலோ மேல்நோக்கி முட்டும். கை 2 அடிதான் என்றால் 600 கிலோ. தடித்த குழாய் செய்த இந்த வேலையை, வெறும் இழுவிசைக்கும் தள்ளுவிசைக்கும் என்று வடித்த ஒல்லிக் கம்பிகளிடம் கொடுத்தால் அவை வளையத்தான் செய்யும்.

மூன்றாவது வேலை பெரும்பாலானவர்கள் கண்ணில் படுவதே இல்லை. மாடல் ஏ வண்டியில் பட்டை ஆக்ஸிலுக்கு நேர் மேலே இருக்கும். 1932இல் ஃபோர்டு பட்டையை ஆக்ஸிலுக்குப் பின்னால் தள்ளியது. எங்கள் கூப்பேயிலும் 8 அங்குல ஹவுசிங்கின் வயிறு இடிக்கும் என்பதால் பட்டை பின்னால்தான் இருந்தது. அப்படியானால் வண்டியின் எடை ஆக்ஸிலின் மையத்தில் இறங்காமல் ஏழெட்டு அங்குலம் பின்னால் இறங்குகிறது. பின்பக்கம் தாங்கும் எடை 900 பவுண்டு என்றால் வண்டி சும்மா நிற்கும்போதே 500 பவுண்டு-அடிக்கு மேல் ஹவுசிங்கைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், அதுவும் கிளப்பும்போது வரும் முறுக்கு எந்தத் திசையோ அதே திசையில். கராஜில் தூங்கும் வண்டியிலும் அந்தக் கம்பிகளுக்கு ஓய்வில்லை.

நான்காவது, கடைசியாக அந்த பிராக்கெட்டை உடைத்தது. இரண்டு கம்பிகளும் ஹவுசிங்கில் இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன, முன்முனைகள் வண்டியின் இரண்டு ஓரத்தில். இடது சக்கரம் மேலே ஏறி வலது கீழே இறங்கினால் இடது கம்பி ஒரு கோணத்துக்கும் வலது கம்பி இன்னொரு கோணத்துக்கும் திரும்பியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஹவுசிங் என்கிற கெட்டியான இரும்புக் குழாய் இருக்கிறது, அது ஈரத்துணி மாதிரி முறுக்கிக் கொடுக்காது. அப்போது மூட்டிலிருக்கும் ரப்பர் புஷ் நசுங்கும், கம்பி வளையும், எதுவும் கொடுக்காவிட்டால் வெல்டிங் ஓரம் விண்டுபோகும். ஃபோர்டின் முக்கோணத்தில் கூர்முனை ஒன்றே என்பதால் இந்தச் சண்டையே அங்கே கிடையாது.

இனி என்ன வழி என்று பார்த்தால், சந்தையில் தயாராக விற்பது நான்கு கம்பி அமைப்பு. பக்கத்துக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, நான்கும் ஒரே நீளம், ஒன்றுக்கொன்று இணை. இணைகரம் போல இயங்குவதால் ஆக்ஸில் ஏறினாலும் இறங்கினாலும் பினியன் கோணம் மாறாது, ஓரத்தில் பொருத்தினாலும் முறுக்கிக்கொள்ளாது. அதோடு சுருள் ஸ்ப்ரிங் சுற்றிய ஷாக் அப்சார்பர், அதாவது காயில் ஓவர் ஷாக், இரண்டு. இதை நான் குறை சொல்ல மாட்டேன், தினமும் ஓட்டுகிறவர்கள் இதைப் போட்டுக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாம். 1960, 70களில் சிலர் ஜாகுவாரின் தனித்தனிப் பின் சஸ்பென்ஷனை முழுசாக எடுத்து ஹாட் ராடில் வைத்தார்கள், 1961இல் இ-டைப்பில் வந்தது, டிஃபரன்ஷியலை ஒட்டியே டிஸ்க் பிரேக் இருக்கும், பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் பெரியவருக்கும் எனக்கும் பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் குறுக்குப் பட்டை தெரிய வேண்டும். அது போய்விட்டால் மாடல் ஏயின் பின்புறம் எனக்கு மாடல் ஏயாகத் தெரியாது. எனவே பட்டை இருக்கட்டும், ஃபோர்டின் முக்கோணத்தைத் திறந்த ஷாஃப்டைச் சுற்றி மறுபடி கட்டுவோம் என்று முடிவெடுத்தோம்.

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1960 முதல் 1972 வரை வந்த செவர்லே பிக்கப்களில் பின்னால் இரண்டு நீளமான கைகள் இருக்கும், ஆக்ஸிலில் யு போல்டால் இறுக்கி, முன்னே போகப் போக நெருங்கி வண்டியின் நடுப்பக்கமாகச் சேரும். சி வடிவத் தகடுகளை முதுகோடு முதுகாக ரிவெட் அடித்துச் செய்தவை, அதனால் செங்குத்தாக விறைப்பாகவும் முறுக்குக்குக் கொஞ்சம் இளகியும் இருக்கும். நாஸ்கார் பந்தயக் கார்கள் இந்த அமைப்பை எடுத்துக்கொண்டு 2021 வரை உயர்மட்டத் தொடரில் ஓட்டின. அமெரிக்காவின் பிரபலமான பந்தயத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது ஒரு பிக்கப் வண்டியின் கை என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

நாங்கள் செய்த கைகள் குழாயில். ஒவ்வொரு கையும் ஆக்ஸிலில் மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட் என்று பிடித்து, முன்னே ஒரே முனையாகக் குவியும், நீளம் 4 அடி. இரண்டு முனைகளும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் போட்ட புதுக் குறுக்குக் குழாயில், ஷாஃப்டுக்கு இடமும் வலமுமாக, எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. அந்தக் குறுக்குக் குழாயை வெறும் சட்டத்தில் ஒட்டக்கூடாது. மாடல் ஏ சேஸிஸ் சி வடிவம், திறந்த பக்கத்துக்குத் தகடு அடித்துப் பெட்டியாக்கிய பிறகுதான் இதெல்லாம். பழைய விரிசல் இருந்த இடத்தைச் சும்மா மேலே வெல்டிங் போட்டு மூடாமல், விரிசலின் நுனியில் துளை போட்டு, முழுக்கத் தோண்டி எடுத்து, நிரப்பி, உள்ளே தகடு வைத்தோம்.

கைகளின் முன்மூட்டு நீளவாக்கில் ஷாஃப்டின் முன் யுனிவர்சல் ஜாயின்டுக்கு (கோணலாக நின்றாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) நேராக வரும்படி வைத்ததில்தான் எனக்கு அதிக திருப்தி. ஆக்ஸிலும் ஷாஃப்டும் ஒரே மையத்தைச் சுற்றி ஊசலாடுகின்றன, எனவே ஷாஃப்டின் முன்முனையில் கியர்பாக்ஸுக்குள் வழுக்கும் ஸ்லிப் யோக் உள்ளே வெளியே போவது மிகக் குறைவு. டார்க் டியூபும் பந்து மூட்டும் செய்தது இதைத்தான். இதற்கு ஒரு விலை உண்டு. யுனிவர்சல் ஜாயின்ட் ஒரு கோணத்தில் சுழலும்போது வெளியே வரும் வேகம் சுற்றுக்கு இரண்டு தடவை கூடிக் குறையும். பின்னால் இருக்கும் ஜாயின்டும் அதே கோணத்தில் இருந்தால் அது இதை நேர் செய்துவிடும், கோணம் வித்தியாசப்பட்டால் வண்டி அதிரும். எங்கள் அமைப்பில் பின் ஜாயின்டின் கோணம் மாறாது, முன்னது மட்டும் மாறும். ஆக்ஸில் 2 அங்குலம் ஏறினால் 4 அடிக் கைக்கு 2.4 பாகை, இது பரவாயில்லை. கை 2 அடியாக இருந்தால் கிட்டத்தட்ட 5 பாகை, பல் கூசும். கை எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பட்டையைக் கழற்றுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தக் குறுக்குப் பட்டை ஷாக்கிள்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டிய நிலையில் இருக்கிறது. வண்டியைத் தூக்கி எடை இல்லாமல் ஆக்கிவிட்டால் அடங்கிவிட்டது என்று நினைத்து ஷாக்கிள் போல்டைத் தட்டினால் அது கையை எடுத்துவிடும். நாங்கள் நடு போல்டுக்குப் பதிலாக நீளமான ஒன்றைப் போட்டு, யு போல்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, அடியில் ஜாக்கியும் சுற்றிச் சங்கிலியும் வைத்துத்தான் இறக்கினோம். பட்டையின் முனைக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது என்பது பெரியவரின் சட்டம், அந்த நேரத்தில் அவர் பேரனைக்கூட கராஜுக்குள் விடவில்லை.

இறக்கியபின் பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, துருவைத் தேய்த்து, ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் கீழ்ப்பட்டையில் கீறிக்கொண்டிருந்த விளிம்பை உருட்டி மழித்து, நடுவில் வழுக்குப் பட்டி வைத்துக் கட்டினோம். உயரம் குறைய முதன்மைப் பட்டையின் கண்ணைக் கீழ்ப்பக்கமாக இல்லாமல் மேல்பக்கமாகச் சுருட்டிய பட்டை வாங்கிப் போட்டோம், அதில் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கும். பட்டையைச் சூடுகாட்டி வளைப்பது, பக்கத்தில் வெல்டிங் வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம், பதம் போனால் அது பட்டையே இல்லை, வெறும் இரும்புத் துண்டு. முழு எடையும் ஏறியபின் ஷாக்கிள்கள் ஏறத்தாழ 45 பாகையில் சாய்ந்து நிற்க வேண்டும். செங்குத்தாகத் தொங்கினால் பின்பக்கம் ஊஞ்சலாடும், ரொம்பப் படுத்துவிட்டால் பட்டை விரிய இடமில்லாமல் கல்லாகிவிடும்.

இன்னும் தாழ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பட்டையை மேலும் தட்டையாக்குவதுதான் வழி என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் சாப்பிடப்படும், முதல் குழியிலேயே இரும்பும் இரும்பும் முட்டும். ஆக்ஸிலுக்கு முன்னால் சட்டத்தை அறுத்து, பின்பகுதியை 4 முதல் 6 அங்குலம் உயர்த்தி மறுபடி சேர்ப்பதுதான் பழைய ஆட்கள் கண்டுபிடித்த நல்ல முறை, பக்கவாட்டில் இசட் எழுத்து மாதிரி தெரியும். உடம்பு இறங்கும், ஆக்ஸில் ஏறி இறங்கும் இடம் அப்படியே இருக்கும். டிக்கியின் தரையை வெட்டியாக வேண்டும் என்பது மட்டும் நஷ்டம். எங்கள் கூப்பேயில் முன்பு கட்டியவர் இதைச் செய்திருந்தார், அதுவும் மிக நேர்த்தியாக. வெல்டிங் தெரிந்த மனிதர் அவர், அதைச் சொல்லியாக வேண்டும்.

ஆக்ஸிலை நேராக உட்காரவைப்பதற்கு எந்த நவீனக் கருவியும் தேவைப்படவில்லை. சேஸிஸின் முன்குறுக்குச் சட்டத்தின் நடு, பின்சட்டத்தின் நடு, ஆக்ஸிலின் இரண்டு முனைகள் என்று ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி அடங்கும் வரை பொறுத்து, தரையில் சாக்பீஸால் குறித்தோம். அப்புறம் வண்டியை மறந்துவிட்டுத் தரையில் இருக்கும் புள்ளிகளை மட்டும் அளக்கலாம், முன்நடுவிலிருந்து ஆக்ஸிலின் இரண்டு முனைகளுக்கும் ஒரே நீளம் வர வேண்டும். பெரியவர் டேப்பின் நுனியைப் பிடிக்கும்போது ஒரு அங்குலத்தை விட்டுப் பிடிப்பார், நுனிக் கொக்கி தேய்ந்திருக்கும் என்று. அளவு சரியான பிறகும் முழு வெல்டிங் போடவில்லை, புள்ளி வைத்து நிறுத்தினோம். எஞ்சின், கியர்பாக்ஸ், கதவு, கண்ணாடி, பெட்ரோல் டாங்க் நிறையப் பெட்ரோல் எல்லாம் ஏறி வண்டி அதன் சொந்த எடையில் நிற்கும்போது கோணங்களை மறுபடி பார்த்தோம். கியர்பாக்ஸின் வால் 3 பாகை கீழே சாய்ந்திருந்தது, பினியனை அதற்கு இணையாக 3 பாகை மேல்நோக்கி வைத்தோம். காலி சேஸிஸில் வைத்த கோணத்தை நம்பி முழு வெல்டிங் போடுகிறவர்கள் பிறகு அறுத்தெடுக்க வேண்டிவரும்.

ஹவுசிங்கில் பிராக்கெட் ஒட்டுவது தனிக் கலை. ஹவுசிங் குழாயின் ஒரு பக்கத்தில் சூடு ஏறினால் ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கி குழாய் வளையும், சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உள்ளே வெளியே திரும்பி நிற்கும், டயர் தேய்ந்து, ஆக்ஸில் பேரிங் கெட்ட பிறகுதான் தெரியவரும். அதனால் டிஃபரன்ஷியலைக் கழற்றிவிட்டு, இரண்டு முனையிலும் வட்டத் தட்டு வைத்து நடுவில் ஒரு நேர்த்தண்டைச் செருகினோம், தட்டுகளும் தண்டும் பெரியவர் அவர் லேத்தில் கடைந்தவை. ஒரு அங்குல வெல்டிங், ஆறவிடு, எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம், தண்டு கையால் சுழல்கிறதா பார், மறுபடி ஒரு அங்குலம். தண்டு ஒரு இடத்தில் பிடிக்க ஆரம்பித்ததும் நிறுத்தி, எதிர்ப்பக்கத்தில் வெல்டிங் வைத்து இழுத்து நேராக்கினார். விரலால் தண்டைச் சுழற்றிக்கொண்டே சத்தத்தைக் கேட்டு அவர் அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.

ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு குறுக்காகப் பிடிக்கும் பனார்ட் கம்பி தேவையா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம். ஷாக்கிள் 45 பாகையில் இருந்தால் குறுக்குப் பட்டையே பக்கவாட்டில் ஓரளவு பிடித்துக்கொள்ளும், வேண்டாம் என்பது அவர் கட்சி. நெடுஞ்சாலையில் பக்கக் காற்று அடிக்கும்போது ஷாக்கிள் கொடுக்கும் அந்தச் சிறு ஆட்டம் எனக்குப் பிடிக்காது, எனவே வேண்டும் என்பது என் கட்சி. போட்டோம். போடுகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும், நீளமாக இருக்க வேண்டும், வண்டி நிற்கும் உயரத்தில் மட்டமாக இருக்க வேண்டும். 30 அங்குலக் கம்பி மட்டமாக இருந்தால், ஆக்ஸில் 2 அங்குலம் ஏறும்போது பக்கவாட்டில் நகர்வது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே கம்பியை இடம் இல்லை என்று 20 பாகை சாய்வாக மாட்டினால் அதே 2 அங்குலத்துக்கு 16 முதல் 21 மில்லிமீட்டர் நகரும், ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் இடுப்பை ஆட்டும். கடையில் பளபளவென்று குரோம் பூசி விற்கும் குட்டைக் கம்பிகளை விட, அளந்து வெட்டிய சாதாரணக் குழாய் மேல்.

ஷாக் அப்சார்பரை அழகுக்காக ரொம்பச் சாய்ப்பதும் இதே மாதிரிதான். காயில் ஓவரோ, வெறும் ஷாக்கோ, செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்தால் அதன் பலத்தில் முக்கால்வாசிதான் சக்கரத்துக்குக் கிடைக்கும், 45 பாகை என்றால் சரிபாதி. பழைய வண்டியில் இருந்த ஹூடாய் கம்பெனி நெம்புகோல் ஷாக்கை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, ஆனால் நல்ல நிலையில் ஒரு ஜோடி கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை. குழாய் ஷாக்கை 20 பாகைக்குள் சாய்த்து மாட்டினோம்.

முதல் தடவை சாலைக்கு எடுத்துப் போனபோது பின்பக்கம் கொஞ்சம் துள்ளியது. கூப்பே எடை குறைவு, பட்டைக் கட்டோ முழுசாக. திரும்பி வந்து மேலிருந்து மூன்றாவது பட்டையை எடுத்துவிட்டு, அதே கனத்துக்குத் தகடு வைத்துக் கட்டினோம், உயரம் அரை அங்குலம்தான் குறைந்தது, சவாரி ஆளே மாறிப்போனது. வாசல் சரிவில் கோணலாக ஏறினால் சத்தமே இல்லை. சிக்னலில் அழுத்தினால் பின்பக்கம் குந்துவதற்குப் பதில் லேசாக எழும்பிக் கிளம்புகிறது. கைகளின் முன்முனை சேஸிஸை மேல்நோக்கி முட்டும் அந்த 300 கிலோதான் அது, இப்போது அது விரிசலுக்குள் போகாமல் நடுக் குழாய் வழியாக வண்டியைத் தூக்கிக்கொடுக்கிறது. கொஞ்சம் ஓடியபின் எல்லா யு போல்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தோம், பட்டைக் கட்டு படிந்து இரண்டு நட்டுகள் கால் சுற்று வாங்கின. பிராக்கெட் ஓரங்களில் மறுபடி டை அடித்ததில் எங்கும் சிவப்பு வரவில்லை.

முன்பக்கம் இன்னும் பாக்கி. அங்கேயும் முன்பு கட்டிய அதே ஆள் கம்பிகளைப் பிரித்து ஓரங்களில் மாட்டியிருக்கிறார். பழைய ஐ வடிவ ஆக்ஸில் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும் என்பதால் அங்கே பலர் தப்பித்துக்கொள்கிறார்கள், ஆனால் இந்தக் கூப்பேயில் இருப்பது குழாய் ஆக்ஸில், அது கொடுக்காது. அதைக் கழற்ற ஆரம்பித்ததும் படங்களோடு எழுதுகிறேன்.